அக்கா கட்டிய பை

எதை மூடுவதற்கு முன்பும் அக்கா அதற்குள் இருப்பவற்றை ஒருமுறை தொட்டுவிடுவாள். வலது கை ஆட்காட்டி விரல் மட்டும். சாப்பாட்டு டப்பாவாக இருந்தாலும் சரி, பயணப் பெட்டியாக இருந்தாலும் சரி, கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையாக இருந்தாலும் சரி. விரல் ஒவ்வொன்றின் மேலும் சற்று நின்று, பிறகு அடுத்ததற்கு நகரும். எண்ணுவதில்லை. உதடும் அசையாது. வரிசையாகப் படுத்திருக்கும் குழந்தைகளைத் தடவிப் பார்த்து எல்லாரும் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது போல இருக்கும். கடைசிப் பொருளைத் தொட்டதும் மூச்சை விட்டு மூடியைச் சாத்துவாள். சாத்திய பிறகு அதைத் திறக்க வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது.

“கட்டினதைத் திறக்காதே” என்பாள். பெட்டியானாலும் பையானாலும் அவளுக்கு அது ‘கட்டுவது’தான். அடுக்குவது, வைப்பது, திணிப்பது எல்லாம் மற்றவர்கள் செய்கிற வேலை.

பழக்கம் வேலையிலிருந்து வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் அவளுக்கு வேலை. அறுவை சிகிச்சைக்குப் போய்வந்த கருவிகள் அங்கே வந்து சேரும். ஒரு பக்கம் கழுவுவார்கள். இன்னொரு பக்கம் அக்கா உட்கார்ந்திருப்பாள். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியின் அடியில் ஒவ்வொரு கருவியாகப் பிடித்துப் பார்ப்பாள். கத்தரிக்கோலால் மெல்லிய துணி ஒன்றை வெட்டிப் பார்ப்பாள். நுனிவரை சுத்தமாக வெட்டவில்லையென்றால் ஒதுக்கிவிடுவாள். பிறகு தட்டில் அடுக்குவாள். மருத்துவர் முதலில் கேட்பது மேலே, கடைசியில் கேட்பது அடியில். நீலத் துணியில் பொட்டலமாகக் கட்டி, கிருமி கொல்லும் நீராவி மெஷினுக்குள் அனுப்பினால் அவள் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்தக் கட்டை அறுவை அறையில்தான் பிரிக்க வேண்டும். வழியில் துணி கிழிந்தாலோ, யாராவது பிரித்துப் பார்த்தாலோ, எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒருமுறை வீட்டுச் சாவி வாங்க அங்கே போயிருக்கிறேன். சாவியை மறந்தது நான்தான். அக்கா எதையும் மறந்ததாக எங்கள் வீட்டில் சரித்திரம் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் பச்சைத் தொப்பி, மூக்கின் மேல் கிட்டப் பார்க்கும் கண்ணாடி. ஒரு கவ்வியைக் காதருகே கொண்டுபோய், திறந்து, மூடி, அந்தச் சின்ன ‘க்ளிக்’கைக் கேட்டாள். வீட்டில் அவளை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அக்கா, அத்தான், அவர்கள் மகள், முன்னறையில் நான். அத்தான் நெடுந்தூர லாரி ஓட்டுபவர். வீட்டுக்கு வரும்போது விருந்தாளி மாதிரி செருப்பை ஓரமாகக் கழற்றி வைப்பார். மகளுக்கு வீட்டுப் பெயர் கடுகு. ஆள் சின்னது, சூடு பட்டால் வெடிக்கும் என்று அத்தான் வைத்த பெயர். பழைய பள்ளியில் அவள் வாயை மூட ஆசிரியை தனியாக ஒரு மூலை ஒதுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கடுகு பெரிய பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டு இது.

பழைய பள்ளியில் ஒரே அறை, ஒரே ஆசிரியை. பையில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் ஓடிவிடும். பெரிய பள்ளியில் மணி அடித்தால் எழுந்து நடக்க வேண்டும். கணக்குக்கு ஓர் அறை, அறிவியலுக்கு மாடியில் ஓர் அறை, ஓவியத்துக்குக் கட்டடத்தின் மறுகோடி. பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கட்டடத்தை முதல் தடவை பார்த்துவிட்டு வந்த அன்று அக்கா சமையலறையில் நின்று என்னிடம் சொன்னாள்: “டேய், அந்த வராந்தாவுல நானே தொலைஞ்சு போயிடுவேன்டா. இது எப்படி சமாளிக்கும்?”

சமாளிக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பள்ளியில் கொடுத்த கால அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து, துண்டு விரித்து, கடுகின் பையைக் கட்ட ஆரம்பித்தாள். முதல் பாடத்தின் புத்தகமும் நோட்டும் முன்னால். அதற்குப் பின்னால் இரண்டாவது. அதற்குப் பின்னால் மூன்றாவது. முடிந்ததைப் பின்னால் செருகிவிட்டால் அடுத்தது தானாக முன்னால் வந்துவிடும்.

“எது முன்னாடி இருக்கோ அதுதான் அடுத்த பாடம். யோசிக்கவே வேண்டாம். புரியுதா?”

“புரியுதும்மா.”

பிறகு விரல் ஒவ்வொன்றாகத் தொடும். பை மூடும்.

லாரியிலிருந்து வந்திருந்த அத்தான் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, “ஏன்டி, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறியா, இல்ல ஆபரேஷனுக்கா?” என்றார்.

“உங்க லாரியில தார்ப்பாய் கட்டுறீங்கல்ல, அதைக் காத்து பிச்சிட்டுப் போகாம கட்டுங்க, போதும்.”

கடுகு சிரித்தாள். அப்போது அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் காலையில் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. கட்டி வைத்த பையை அக்கா தூக்கிப் பார்த்தாள்; எடை கையில் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். “உள்ள என்னத்தைப் போட்ட?”

“தவளை.”

“தவளையா!”

“பேப்பர் தவளைம்மா. தவ்வும். பக்கத்துல உக்கார்ற பொண்ணுக்காகப் பண்ணேன்.”

தவளை ஒன்று அல்ல, ஒரு குடும்பமே இருந்தது. அட்டைப் பெட்டியில் போட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் செருகியிருந்தாள். வரிசை கலைந்திருந்தது. அக்காவுக்குக் கிளம்பும் நேரம். ஆனாலும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி முதலிலிருந்து கட்டினாள். “கட்டினதைத் திறக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? திறந்தா எல்லாம் வீண், எல்லாம் வீண்.” அவள் கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் கிழிந்த கட்டைப் பார்த்து எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். கடுகு தவளைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பேருந்து போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் அவள் தன் பையைத் தொடவில்லை. எங்களுக்கு அது ஒழுக்கமாகத் தெரிந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் “ஒண்ணுமில்ல.” யாரோடு சாப்பிட்டாய் என்றால் “சும்மா.” பெரிய பள்ளிக்குப் போனால் பிள்ளைகள் இப்படித்தான் ஆகும் என்று அக்காவோடு வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அக்கா நம்பினாள், நம்ப வசதியாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அத்தான் சாலையில் இருந்ததால் துணைக்கு நான் போனேன். குழந்தைகளுக்கான பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். வகுப்பாசிரியை மேசைமேல் சாய்ந்து நின்று பேசினார். தொண்டை கட்டிய குரல். ஆனால் கண்ணில் கேலி இருந்தது.

“நீங்க எல்லாரும் நல்ல அப்பா அம்மாதான். அதுதான் பிரச்சினையே. பிள்ளை பையை நீங்க தூக்குறீங்க, பாடத்தை நீங்க படிக்கிறீங்க. பரீட்சைக்கும் நீங்களே வந்துடுங்க, நான் பெரிய பெஞ்சாப் போட்டு வெக்கிறேன்.” எல்லாரும் சிரித்தார்கள். “மறந்தா மறக்கட்டும். ஒரு நாள் ஸ்கேல் இல்லாம உக்காந்தா உயிர் போயிடாது. அடுத்த நாள் தானா எடுத்து வெப்பாங்க. அதுக்குத்தான் இந்த வயசு.”

அக்கா சிரிக்கவில்லை. கைப்பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் ஆசிரியை எங்களை மட்டும் நிறுத்தினார். “உங்க பொண்ணு அன்னைக்கு நடந்ததை வீட்ல சொன்னாளா?”

“என்னைக்கு?”

சொல்லவில்லை என்று புரிந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கணக்கு ஆசிரியர் வராத ஒரு நாள், கணக்கு நேரத்தில் ஓவியம் என்று காலையிலேயே அறிவித்திருக்கிறார்கள். எல்லாரும் ஓவிய அறைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போயிருந்த கடுகு திரும்பி வந்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். முன்னால் கணக்குப் புத்தகம் இருந்தது. நேராகக் கணக்கு அறைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே அந்த நேரத்தில் பத்தாம் வகுப்பு. யாருடைய தங்கையோ, ஏதோ சேதி சொல்ல வந்திருக்கிறது என்று நினைத்து அந்த ஆசிரியரும் விட்டுவிட்டார். அவர் கரும்பலகையில் எழுதியதை எல்லாம் இவள் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே அவர் பெஞ்சு வரிசையில் நடந்து வந்தபோதுதான் பார்த்தார். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. உயரமான ஒரு பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப்போனாள்.

“அதுலேருந்து பசங்க இவளை ‘பத்தாங்கிளாஸ்’னு கூப்பிடுறாங்க. நான் கண்டிச்சேன். நான் இருக்கும்போது கூப்பிடுறதில்ல, அவ்வளவுதான். காலையில சொன்னாங்களே, கேக்கலையான்னு கேட்டேன். காதுல விழுந்துச்சாம். ஆனா பையில அப்படி இல்லையேன்னு சொல்றா. ‘எங்கம்மா தப்பாக் கட்ட மாட்டாங்க’ன்னு சொன்னா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.”

பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பாதி வழியில் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “தட்டு தப்பா இருந்தா யாரு தப்பு தெரியுமா? டாக்டர் தப்பு இல்ல. கட்டினவ தப்பு.”

“அக்கா, நீ நல்லதுக்குத்தானே…”

“நல்லதுக்குத்தான். கண்ணைக் கட்டி விட்டதும் நல்லதுக்குத்தான்.” ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “காதுல விழுந்ததை விட நான் கட்டினதை நம்பியிருக்கு பாரு. அந்தத் தவளையையாவது கொண்டுபோக விட்டிருக்கலாம். பக்கத்துல ஒருத்தி இருந்திருப்பா. ‘ஏய், அங்க இல்லடி, இங்க வா’ன்னு கூப்பிட்டிருப்பா.”

அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டாள். கத்தியை வைத்து வெட்டியது மாதிரி. சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்தாள், துண்டை விரிக்கவில்லை. “இனிமே உன் பை உன் வேலை. நான் தொட மாட்டேன்” என்றாள். மென்மையாகச் சொல்ல நினைத்திருப்பாள். உள்ளே குற்ற உணர்ச்சி இருந்தால் குரல் எப்படி மென்மையாக வரும்? கடுப்பாகத்தான் வந்தது.

கடுகு பையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் என்னம்மா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம் ஏன்?”

“டீச்சர் சொன்னாங்க.”

அந்த ஒரு சொல் போதாதா. டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், அதனால் அம்மாவுக்குக் கோபம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் எல்லாப் புத்தகங்களையும், எல்லா நோட்டுகளையும் பைக்குள் திணித்துத் தூக்கிக்கொண்டு போனாள். ஆமை மாதிரி படியிறங்கினாள். அக்காவின் கை பரபரப்பதை நான் பார்த்தேன். பை கட்டும் நேரம் வந்தால் ஏற்கனவே மடித்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். கழுவிய டம்ளர்களைத் திரும்பக் கழுவினாள். ஒரு நாள் என் புத்தக அலமாரியை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தாள். ஒரு மாதம் என்னால் எந்தப் புத்தகத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு கடுகுக்குக் காலையில் வயிற்றுவலி தொடங்கியது. விடுமுறை நாளில் வராத வயிற்றுவலி. கிளினிக்கில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, “வயிறு நல்லாத்தான் இருக்கு. ஸ்கூல் எப்படி இருக்கு?” என்று கேட்டார். கடுகு கூரையைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

போனில் அத்தான், “கட்டினாலும் தப்பு, கட்டலைன்னாலும் தப்புன்னு அழுவுற. நான் என்னதான் சொல்றது?” என்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாத்து ஓட்டுங்க.”

“அவ பழைய ஸ்கூலுக்கே போறேன்னு என்கிட்ட சொன்னா. அங்க அடுத்த கிளாஸ் கிடையாதேடின்னேன். அப்போ படிக்கவே வேண்டாம்னு சொல்றா.” சிரிக்க முயன்று நிறுத்திவிட்டார். “விளையாட்டுக்குச் சொல்றாளா, நெஜமா சொல்றாளான்னு தெரியல.”

நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீடு இருக்கும் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். பை பக்கத்தில் பாறை மாதிரி இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தேன். தாண்டிப் போகவும் முடியவில்லை, உள்ளே திரும்பவும் முடியவில்லை. அக்கா இரண்டு படி மேலே நின்றாள்.

“எழுந்திரும்மா. பஸ் போயிடும்.”

“போகட்டும்.”

“வயிறு வலிக்குதா?”

“இல்ல. நான் போகல. இன்னைக்கும் போகல, நாளைக்கும் போகல.”

“ஏன்டா கண்ணு?”

“நீதான் கோவமா இருக்கியே. என் பையைத் தொடவே மாட்டேங்கிற.”

“கோவமா? உன்மேலயா?” அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்கு உடுத்திய உடுப்பு, தூசிப் படி. “எனக்கு என்மேலதான் கோவம். நான் கட்டினதாலதானே நீ அந்தக் கிளாஸ்ல போய் உக்காந்த.”

கடுகு பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். பிறகு, “நான் கட்டினா அதைவிட மோசமா ஆகும். எதையாவது மறப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள்.

“சிரிச்சா என்ன? ஒண்ணும் ஆகாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?” கடுகு வெடித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட பழைய குரல். “நீ என்னைக்காவது எதையாவது மறந்திருக்கியா? உன்னைப் பாத்து யாராவது சிரிச்சிருக்காங்களா? உனக்கு எல்லாமே சரியா இருக்கும். உனக்கு என்ன தெரியும்?”

மேல்வீட்டுக்காரர் படியேறி வந்தார். எங்களைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு மேலே போனார். அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு அக்கா எழுந்தாள்.

“சரி. இன்னைக்கு என் பையை நீ கட்டு.”

“என்னது?”

“என் வேலைப் பை. என்ன வேணும்னு சொல்றேன். நீ எடுத்து வை. நான் பாக்க மாட்டேன், தொட மாட்டேன். அப்படியே எடுத்துட்டுப் போறேன். எதாவது இல்லைன்னா இல்லாம நிக்கிறேன். நீயும் உன் பையை நீயே எடுத்துட்டுப் போ. சாயங்காலம் வந்து யாரைப் பாத்து எத்தனை பேர் சிரிச்சாங்கன்னு பேசிக்கலாம்.”

கடுகு அவள் முகத்தை நம்பாமல் பார்த்தாள். பிறகு படியேறினாள். அக்கா படியில் நின்றபடியே சொல்லச் சொல்ல, உள்ளே இழுப்பறை திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டது. அடையாள அட்டை. லாக்கர் சாவி. கண்ணாடி. மாற்றுச் சாக்ஸ். சாப்பாடு. தலைவலி மாத்திரை. பையைக் கொண்டுவந்து நீட்டினாள். அக்காவின் வலது கை பையின் வாய்வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு வாரைப் பிடித்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். அந்தப் பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்.

ஆஸ்பத்திரியில் பையைப் பிரித்தபோது கண்ணாடி இல்லை. அது இல்லாமல் அக்காவுக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது. பூதக்கண்ணாடியில் பார்க்கவும் அந்தக் கண்ணாடி வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்த்த மாதிரி அனுப்பிவிடும் ஆள் இல்லை அவள். நேராக இன்சார்ஜ் அம்மாவிடம் போய் நின்றிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு மீசை தவிர ராணுவ அதிகாரிக்கு உரிய மற்ற எல்லாம் உண்டு என்று அக்கா சொல்வாள்.

“கண்ணாடி கொண்டு வரல.”

“யாரு?”

“நான்தான்.”

இன்சார்ஜ் அம்மா நாற்காலியைத் திருப்பி அறை முழுவதற்கும் கேட்கச் சொன்னாராம்: “எல்லாரும் வாங்க. மகாராணி மறந்துட்டாங்க. மழை வரும், துணியெல்லாம் உள்ள எடுங்க.” கழுவும் பக்கத்திலிருந்து ஒருவர், “அப்போ நாங்கள்லாம் மனுஷங்கதான்னு ஒத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டாராம். புதிதாகச் சேர்ந்தவர்களை அக்கா அத்தனை காலம் வாட்டியதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்று முழுவதும் அவளுக்கு நீலத் துணி மடிக்கும் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துக்குப் பிறகு அவள் அதைச் செய்ததே இல்லை.

சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இதையெல்லாம் நடித்துக் காட்டினாள். இன்சார்ஜ் அம்மா மாதிரி நாற்காலியைத் திருப்பினாள். மழைக்குத் துணி எடுப்பது போல ஓடினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. “சிரிச்சாங்கடி. பயங்கரமா சிரிச்சாங்க. காது சுட்டுச்சு. மத்தியானம் வரைக்கும் சுட்டுச்சு. அப்புறம் ஒருத்தி டீ கொண்டுவந்து கொடுத்தா. இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் டீ கொண்டுவந்து கொடுத்ததே இல்ல.”

கடுகு சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தட்டில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். “நான் கண்ணாடியை வெக்காம விட்டுட்டேன்” என்றாள்.

“அதனால என்ன? நான்தான் எதுன்னாலும் பரவாயில்லைன்னு சொன்னேனே. உன் கதை என்ன, சொல்லு.”

“ஸ்கேல் இல்ல. பக்கத்துல கேட்டு வாங்கிட்டேன்.”

“அவ்வளவுதானே!” என்று அக்கா அவள் தலையில் முத்தமிட்டாள். கடுகு விலகிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தோம்.

அன்று மேசையில் துண்டு விரித்தது கடுகுதான். குளிர்பெட்டிக் கதவிலிருந்த அட்டவணையைப் பிரித்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைத்தாள். அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவே இல்லை. அதற்கு அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த நாள் காலை வயிற்றுவலி இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பல நாள் ஏதாவது விட்டுப்போனது. ‘பத்தாங்கிளாஸ்’ என்ற பெயர் போகவே இல்லை. ஆனால் ஒருநாள் போனில் யாரிடமோ, “நான்தான், பத்தாங்கிளாஸ் பேசுறேன்” என்று அவளே சொல்வதைக் கேட்டேன். சனிக்கிழமைகளில் ஒரு பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். இரண்டு பேரும் பேசும் சத்தத்தில் நான் புத்தகத்தோடு மொட்டைமாடிக்குப் போக வேண்டியதாயிற்று.

அக்காவின் மனசு மட்டும் முழுசாக ஆறவில்லை. கடுகு எதற்காவது தயங்கினால், கடையில் எதை எடுப்பது என்று யோசித்து நின்றால்கூட, “என்னாலதான். நான்தான் யோசிக்க விடாமப் பண்ணேன்” என்பாள். அப்போதெல்லாம் கடுகு எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வகுப்பாசிரியை அக்காவைக் கூப்பிட்டார். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச முடியுமா என்று கேட்டார். அக்கா முதலில் மறுத்தாள். “தப்புப் பண்ணவளைக் கூப்பிட்டு மேடையில ஏத்துவாங்களா?” ஆசிரியை, “அதுக்குத்தான் கூப்பிடுறேன். சரியாப் பண்ணவங்க பேசினா யாரும் கேக்க மாட்டாங்க” என்றாராம்.

நாங்கள் மூவரும் போனோம். அதே சின்ன பெஞ்சுகளில் புதிய முழங்கால்கள். அக்கா எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். முன்னால் இருந்த கணக்குப் புத்தகத்தை, தவளைகளை, கத்தரித்த மாதிரி நிறுத்தியதை. முன்வரிசையில் ஒரு அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது” என்று முடித்தாள். “ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பிள்ளை பையை நீங்க கட்டாதீங்க. உங்க பையைப் பிள்ளைகிட்டக் கொடுங்க. அவங்க எதையாவது மறப்பாங்க. அன்னைக்கு நீங்க அது இல்லாமப் போய் நில்லுங்க. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லுங்க. மறக்கிறது பெரிய குத்தம் இல்லைன்னு அப்பதான் அவங்களுக்குத் தெரியும்.”

கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் அம்மாக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் போன் எண் கேட்டார். இன்னொருவர் தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். அக்கா முன்னால், தலையை ஆட்டிக் கேட்டபடி நடந்தாள். அவள் தோள் இவ்வளவு இலகுவாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நானும் கடுகும் பின்னால் நடந்தோம். மழை பெய்து ஓய்ந்த நடைபாதை. கடுகு வேண்டுமென்றே மெதுவாக நடப்பது எனக்குப் புரிய நேரமானது.

“மாமா, ஒண்ணு சொன்னா அம்மாகிட்ட சொல்ல மாட்டியே?”

“சொல்ல மாட்டேன்.”

“அன்னைக்கு நான் கண்ணாடியை மறக்கல. முதல்ல உள்ள வெச்சேன். அப்புறம் வெளிய எடுத்துட்டேன்.”

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்காமல், முன்னால் போகும் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

“அம்மாவைப் பாத்தும் ஒரு நாள் எல்லாரும் சிரிக்கட்டும்னுதான் எடுத்தேன். ஆனா அம்மா வந்து, ஜாலியா நடிச்சுக் காட்டி…” சற்றுத் தூரம் போன பிறகு, தன் பையைத் தானே கட்ட ஆரம்பித்தது எதையும் கற்றுக்கொண்டதால் இல்லை என்றாள். இனிமேல் அம்மாவை எதுவும் செய்யச் சொல்லிக் கேட்க அவளுக்கு முகம் இல்லையாம்.